தொக்போவின் மாறுகண் புலி

தொக்போ வரைகிற புலிக்கு மாறுகண். ஒரு கண் உங்களைப் பார்க்கும். இன்னொன்று பைன் கிளையில் உட்கார்ந்திருக்கும் வால்காக்கையைப் பார்க்கும். நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கும். வால், அவசரத்தில் முறுக்கிப் போட்ட வைக்கோல் பிரி மாதிரி முதுகுக்கு மேலே நிற்கும். புத்தாண்டு பிறந்தால் அந்த மலைப் பள்ளத்தாக்கில் எந்தக் கதவைப் பார்த்தாலும் இந்தப் புலிதான். கெடுதலை விரட்டப் புலி, நல்ல சேதி சொல்ல வால்காக்கை, குளிரிலும் பச்சை போகாத பைன். மூன்றையும் ஒரே தாளில் அடக்கி, ஒரு படி தினைக்கோ ஒரு கட்டுக் காய்ந்த மீனுக்கோ கொடுத்துவிடுவான்.

"ஏப்பா தொக்போ, போன வருஷப் புலி வருஷம் பூரா எம் பொண்டாட்டியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. இந்தத் தடவ கொஞ்சம் யோக்கியமான புலியாப் போடு."

"உம் பொண்டாட்டிய எதுக்குடா பாக்குது? அவ வெச்ச கூழப் பாத்திருக்கும். நாக்கு தொங்குது பாரு."

"அந்தக் கூழப் பாத்தும் ஓடலயா? அப்ப நெசமாவே வீரப் புலிதான்!"

பகலில் இப்படிச் சிரிப்பார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் அதே ஆட்கள் புலி என்று பெயர்கூடச் சொல்லமாட்டார்கள். 'மலையய்யா' என்பார்கள், அதையும் வாய்க்குள்ளேயே.

தொக்போவுக்கும் நேர்கண் புலி வரையத் தெரியாமல் இல்லை. கை போகாது. நிஜப் புலியின் இரண்டு கண்ணும் சேர்ந்து தன்னைப் பார்த்ததை அவன் ஒருமுறை பார்த்திருக்கிறான். கோதுமை மாதிரி ஒரு காட்டுத் தானியம் அங்கே விளையும். அதன் அறுப்பு நாளில், சரிவின் மேல்முனையில், அவன் மனைவியின் வெள்ளைப் பாவாடை அதன் வாயில் இருந்தது. அது அவனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் அவசரமில்லாமல் திரும்பி நடந்து போனது.

மிச்சம் கிடைத்ததை அந்த இடத்திலேயே எரித்தார்கள். மேலே கல் குவித்தார்கள். குவியலின் உச்சியில், ஆவியில் பண்டம் வேகவைக்கிற, அடியில் ஓட்டை போட்ட ஆவிச்சட்டியைக் கவிழ்த்து, அந்த ஓட்டை வழியாக நூல் சுற்றும் இரும்புக் கதிரைச் செருகினார்கள். புலி தின்றவர்களுக்கு அங்கே அப்படித்தான் செய்வார்கள். தின்னப்பட்டவரின் ஆவி புலிக்கு வேலைக்காரியாகிவிடும். தனக்குப் பதிலாக இன்னொருவரைப் பிடித்துக் கொடுக்கும்வரை அதற்கு விடுதலை இல்லை. அதுவும் சொந்தக்காரர்களைத்தான் தேடி வரும். வீட்டுக்கு வெளியே நின்று, தெரிந்த குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் சொன்னால் தீர்ந்தது கதை. சட்டிக்குள் அது அவியும், கதிரைச் சுற்றிக்கொண்டே கிடக்கும், வெளியே வராது என்பது நம்பிக்கை. அப்படியும் பயம் விடாமல், அந்த மலையில் ஒருவர் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்வார்கள். ஆவிக்கு மூன்று தரம் கூப்பிட வராதாம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. புலி தின்ற வீட்டோடு யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சொந்தமானால் தங்களையும் அது கூப்பிடுமே!

மனைவி போன முதல் குளிர்காலத்தில் தொக்போ படங்களைச் சுருட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். இடுப்பில் கைக்குழந்தை. ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. "அந்த வீட்டுத் தாள வாசல்ல ஒட்டணுமா? வேற வெனையே வேண்டாம்" என்று ஒருத்தி காறித் துப்பிவிட்டுப் போனாள். குழந்தை பசியில் அவன் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவன் வாயில் அந்தப் பொய் வந்தது. உப்பு வியாபாரிகள் கூவுவார்களே, அதே ராகத்தில் எடுத்துவிட்டான்:

"வாங்க வாங்க! மலையய்யா எனக்குக் கடன்பட்டிருக்காரு! எம் பொண்டாட்டியத் தின்ன கடன்! இந்தக் கை வரைஞ்ச வாசல்ல காலே வெக்கமாட்டாரு! வெக்கச் சொல்லுங்க பாப்போம்!"

கூட்டம் நின்றது. ஒரு கிழவன் தாடியை நீவினான். "ஞாயந்தானே. தின்ன வீட்டுல திரும்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவாரு?" அன்று ஒரு தாள்கூட மிஞ்சவில்லை.

அதிலிருந்து அதுதான் பிழைப்பு. சுமை வியாபாரிகள் அவன் புலியை மலைக்கு அந்தப் பக்கமும் கடற்கரைக்கும் கொண்டுபோனார்கள். கூடவே அவன் பொய்யையும். புலி எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம், இது புலி தின்ற வீட்டுச் சரக்கு என்கிற பேச்சும் போனது. அது ஒருநாள் மகள் கழுத்தைச் சுற்றும் என்று அப்போது அவன் நினைக்கவில்லை. பசிக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு யார்தான் நினைப்பார்கள்?

மகள் பெயர் தல்லே. பனி உருகியதும் முதலில் தலைகாட்டும் காட்டு வெங்காயத்தின் பெயர். வாய் மட்டும் முழ நீளம். ஊரில் யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள். அப்பாவுக்கு விளையாட்டுக் காட்டவென்றே வெளியே நின்று பக்கத்துவீட்டுக் கிழவன் குரலில் இருமுவாள். தொக்போ உள்ளிருந்தபடி, "மூணு தரம் கூப்பிடு, அப்பத்தான் தொறப்பேன்" என்பான். ஒரே மூச்சில் கொட்டுவாள்:

"அப்பாப்பாப்பா! மூணாச்சு, தொற! குளுருது!"

சின்னதிலிருந்தே அப்படித்தான். அவள் கூப்பாட்டில் ஒன்று, இரண்டு என்று இடைவெளியே கிடையாது.

வயதுப் பெண்கள் எல்லாரும் பல்லக்கு ஏறிப் போய்விட்டார்கள். தல்லே மட்டும் ஒற்றைப் பின்னலோடு நின்றாள். கல்யாணமாகாமல் அந்தப் பின்னல் கொண்டையாகாது. தொக்போவுக்குத் தூக்கத்திலும் அந்தப் பின்னல்தான். தான் போய்விட்டால் இவளுக்கு ஒரு வீடு இல்லை, பேசச் சொந்தம் இல்லை. யாரும் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட அஞ்சுகிற பெண்ணாக இந்த மலையில் கிழவியாவாள்.

அந்த மார்கழியில் ஹஜாங்காரி வந்தாள். ஹஜாங் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், தரகு பேசுகிறவள். வரும்போதே பாதி தூரத்திலிருந்து பேச ஆரம்பித்துவிடுவாள்.

"தொக்போ! தொக்போ! தொக்போ! மூணு சொல்லிட்டேன், நாந்தான், பயப்படாத. அடேயப்பா, மேடா இது! உன் வீட்டுக்கு ஏறி வர்றதுக்குள்ள நானே ஆவியாயிடுவேன் போல. தல்லே, தண்ணி கொண்டா. சாராயம் இருந்தா தண்ணி வேண்டாம்."

"என்ன அண்ணி, இந்தப் பனியில?"

"கடற்கரையில ஒரு எடம். குவாக்குன்னு மீன் காயப்போடற குடும்பம். ஒரே பையன். தொடையில வடு இருக்காம், மத்தபடி குத்தமில்ல. தொடைய யாரு பாக்கப் போறா?"

உள்ளே தல்லே சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்றான் தொக்போ மெதுவாக.

ஹஜாங்காரி குரலைத் தணித்தாள். "அம்மா சுரத்துல போயிட்டான்னு சொல்லியிருக்கேன். கடலோரத்து ஆளுங்க, இந்த வீட்டுக் கத தெரியாது. ஆனா அப்பன்காரர் நேர்ல வந்து பொண்ணு வீட்டப் பாக்கணுங்கறாரு. கடற்கரைப் பாத மேலேருந்துதான எறங்குது, குவியல் இருக்கற அந்த வளைவத் தாண்டித்தான வரணும்? கல்லுக்குவியல் எங்க வேணா கெடக்கும். உச்சியில சட்டியக் கவுத்து வெச்சிருந்தா, குருடன்கூடத் தடவிப் பாத்து, ஓ இதுவான்னுடுவான்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நான் எதுவும் சொல்லல. நான் தண்ணிதான் கேட்டேன்."

தொக்போ அன்று முழுக்க யோசித்தான். ஊரே நம்புகிற ஒன்றைத் தான் பசிக்குச் சொன்னது அவனுக்குத் தெரியும். மலையய்யா கடன்பட்டிருக்கிறார் என்று இன்று பெரிய மனிதர்கள் எல்லாம் தலையாட்டுகிறார்கள். அது பொய்யென்றால் சட்டியும் கதிரும் மட்டும் என்ன? அதையும் எவனோ ஒருவன் தன் வயிற்றுக்காகச் சொல்லியிருப்பான்.

நல்ல வெயிலாகப் பார்த்து மேலே போனான். சட்டி கல்லோடு உறைந்து ஒட்டியிருந்தது. முஷ்டியால் தட்டித் தட்டிக் கழற்றினான். கதிர் கிறீச்சென்று வந்தது. "கோச்சுக்காத. புள்ளைக்காகத்தான். அவங்க போனதும் திரும்ப வெச்சுடறேன்" என்றான் கற்களைப் பார்த்து. கொட்டகையில் விறகடுக்குக்குப் பின்னால் இரண்டையும் ஒளித்துவைத்தான்.

வீட்டுக்குள் இன்னொன்றும் வளர்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்தில் மணமக்களுக்குப் பின்னால் நிற்குமே மடக்குத் தட்டி, அதை மகளுக்காகத் தானே வரைந்துகொண்டிருந்தான். கதவுப் புலிக்கு மரப்பட்டை மஞ்சளும் அடுப்புக்கரியும் போதும். இதற்கு வியாபாரியிடம் கெஞ்சி நல்ல சிவப்பு வாங்கினான். செல்வத்துக்குப் பியோனிப் பூ, தட்டு தட்டாக. பிரியாமல் இருக்க ஜோடி வாத்து. பிள்ளைகளுக்கு, வாய் பிளந்து முத்து தெரியும் மாதுளை. தல்லே தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"எத்தன முத்துப்பா போடுவ? அத்தனையும் நான்தான் பெக்கணுமா?"

"போற எடத்துல வாயக் கொஞ்சம் அடக்கு."

"இந்த ஆண் வாத்து உன்ன மாதிரியே இருக்கு. அதுக்காவது கண்ணு நேரா போட்டியே, சந்தோஷம்."

குவாக் வந்த நாளில் வானம் தெளிவாக இருந்தது. குட்டையான மனிதர், அங்கி முழுக்க மீன் வாசனை. வளைவில் கற்குவியலுக்குப் பக்கத்திலேயே நின்று மூச்சு வாங்கினார். ஒரு கல்லின் மேல் காலைத் தூக்கிவைத்துச் செருப்புக் கயிற்றைக்கூட இறுக்கிக் கட்டினார். எதிர்கொள்ள வந்த தொக்போ கல்லைப் பார்க்காமல் குனிந்து வணங்கினான். ஹஜாங்காரி, "வாங்க வாங்க, காத்து மோசமா இருக்கு" என்று தள்ளாத குறையாக அழைத்துவந்தாள்.

அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடேறிய தரையில் உட்கார்ந்து, சோளச் சாராயம் உள்ளே போனதும் பெரியவர் பாதி திறந்திருந்த கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தார்.

"அட! இந்தக் கோணக்கண்ணனா! எங்க வீட்டு வாசல்லயும் இவன்தான்யா இருக்கான்! வரைஞ்சது நீங்களா?"

"ஆமாங்க... சும்மா..."

"எம் மக வயித்துப் பேரன் தெனமும் இவன் நாக்கப் புடிச்சு இழுப்பான். தாளு அங்க ஓட்டையே விழுந்துருச்சு." சிரித்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஆனா வித்தவன் ஏதோ சொன்னானே. வரைஞ்சவருக்குப் புலி கடன்பட்டிருக்குன்னு. அது என்ன கணக்கு?"

ஹஜாங்காரியின் கை முள்ளங்கித் தட்டின் மேல் அப்படியே நின்றது. அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

தொக்போ சிரித்தான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. "வியாபாரிங்க கட்டிவிட்ட கதைங்க. புலி என்கிட்ட என்னத்தக் கடன் வாங்கும்? கூழா?"

பெரியவர் தொடையில் அடித்துச் சிரித்தார். "அதானே! வியாபாரி வாயில புலி பொகையே புடிக்கும்! நானும் வியாபாரிதான், எனக்குத் தெரியாதா? ஊத்துங்க சம்பந்தி."

சம்பந்தி என்றுவிட்டார். பையனின் பிறந்த நேரம் எழுதிய தாளைப் புத்தாண்டுக்கு முன் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, அன்றிரவு கீழூரில் தங்க ஹஜாங்காரியோடு இறங்கிப் போனார். தொக்போ மிச்சச் சாராயத்தைத் தானே ஊற்றிக்கொண்டான். ஹஜாங்காரியிடம் இரவல் வாங்கிய பித்தளைக் கிண்ணங்களைத் தல்லே கழுவித் துடைத்து மூட்டை கட்டினாள்.

"கிண்ணத்த அத்தைகிட்டக் குடுத்துட்டு வந்துடறேம்பா. நீ படு. மூஞ்சி மாதுளை மாதிரி செவந்திருக்கு."

"பனி வர்ற மாதிரி இருக்கு. நேரமானா அங்கயே தங்கிடு."

சட்டியைத் திரும்ப வைக்கவேண்டும் என்ற நினைப்பு வந்தது. தரை சூடாக இருந்தது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டான். அத்தனை வருஷத்தில் அவன் நிம்மதியாகக் கண்ணயர்ந்த மாலை அது ஒன்றுதான்.

கண் விழித்தபோது தாள் ஒட்டிய கதவு சாம்பல் நிறத்தில் இருந்தது. வெளியே காற்றும் பனியும். அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டது.

"அப்பா..."

மேலேயிருந்து வந்தது. ஹஜாங்காரி வீடு இருப்பது கீழே. மேலே ஒரு வீடும் இல்லை. மேலே இருப்பது அந்தக் கற்குவியல் மட்டுந்தான்.

தொக்போவுக்குச் சாராயம் முழுக்க இறங்கிவிட்டது. பகலில் பேசிய நியாயம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. சட்டியைக் கழற்றியது அவன் கை. கதிரைப் பிடுங்கியது அவன் கை. மனைவி வெளியே வந்துவிட்டாள். மகள் குரலைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மகள் என்றால் இப்படியா கூப்பிடுவாள்? அவள் மூன்றையும் ஒரே மூச்சில் அல்லவா கொட்டுவாள்! இது ஒற்றைக் குரல், நீளமாக, நடுவில் அறுந்து.

கதவு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்பா..."

இரண்டாவது. தாளின் மறுபக்கத்தில் மாறுகண் புலியின் நிழல் மங்கலாகத் தெரிந்தது. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு, மூன்றாவது வரட்டும், மூன்றாவது வந்தால் திறந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது வரவில்லை.

பார்த்தாயா, என்று நினைத்தான். மகள் ஹஜாங்காரி வீட்டில் சூடாகப் படுத்திருக்கிறாள். நல்லவேளை, அவள் இங்கே இல்லை.

விடிந்ததும் கீழே ஓடினான். ஹஜாங்காரி வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தல்லேயா? கிண்ணத்தக் குடுத்துட்டு அப்பவே ஓடிட்டாளே. அப்பா குடிச்சிருக்காரு, அடுப்புக்கு வெறகு வெக்கணும்னா. ஏன்?... ஏன்ப்பா? தொக்போ? தொக்போ!"

கொட்டகையில் விறகடுக்கு சரிந்து கிடந்தது. பின்னால் சட்டி இல்லை.

வளைவுக்குக் கீழே, ஓடை திரும்பும் பள்ளத்தில் அவள் கிடந்தாள். ஒரு கால் பாறைக்கும் உறைந்த நீருக்கும் நடுவே திரும்பியிருந்தது. கதிரை இடுப்புக் கயிற்றில் செருகியிருந்தாள். சட்டியை மார்போடு அணைத்திருந்தாள். விழும்போதும் அதற்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சட்டி உடையவில்லை. அம்மா வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தப் பெண், விறகெடுக்கப் போன இடத்தில் சட்டியைக் கண்டு, விறகைக்கூட எடுக்காமல் ஏறியிருக்கிறாள். ஒற்றைப் பின்னல் பனியில் ஒட்டி, அதை மட்டும் தனியாகப் பெயர்க்க வேண்டியிருந்தது.

கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே சடங்கு பெரிதாக இல்லை. ஆனால் தொக்போ மடக்குத் தட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தான்.

"கன்னிப் பொண்ணுக்கு யாருப்பா தட்டி வெப்பா?" என்றார் ஒருவர்.

"விடுங்க. வெச்சுக்கட்டும்."

சாவு வீட்டில் படம் தெரியக்கூடாது. வெறும் பக்கம்தான் ஆட்களைப் பார்த்திருக்கவேண்டும். அதனால் வந்தவர்களுக்குத் தெரிந்தது வெறும் தாள். பியோனியும் ஜோடி வாத்தும் வாய் பிளந்த மாதுளையும் உள்பக்கமாக, அவளைப் பார்த்து நின்றன.

ஊர் அவனைத் தேற்றியது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"அழாத தொக்போ. உம் பொண்டாட்டிதான் கூட்டிக்கிட்டா. அவளுக்கும் விடுதல வேணுமில்ல?"

"கூப்பிட்டுச்சாமே? ரெண்டு தரம்தான் கூப்பிட்டுச்சாமே? அப்பாடா! நீ வாயத் தொறந்திருந்தா நீயும் போயிருப்ப. புத்திசாலிடா நீ."

"அது தல்லேதான்" என்றான் தொக்போ.

"அப்படித்தான் தோணும். அது அப்படித்தான் பேசும்."

ஹஜாங்காரி மட்டும் தேற்ற வரவில்லை. தண்ணீர் கேட்கவும் இல்லை. கற்குவியலுக்குப் பக்கத்தில் இன்னொரு குவியல் எழுந்தபோது, தன் வீட்டு ஆவிச்சட்டியைக் கொண்டுவந்து அவளே கவிழ்த்துவைத்தாள். புலி தொடவில்லை, பனிதான் கொன்றது என்று தொக்போ கத்தினான். யாரும் கேட்கவில்லை. கதிர் செருகப்பட்டது.

சேதி கடற்கரைக்கும் போனது. குவாக் தாள் அனுப்பவில்லை. அனுப்பினாலும் யாருக்கு அனுப்புவது? ஆனால் தன் வாசல் புலியை அவர் கிழிக்கவில்லை. கூடுதலாக இன்னொன்று கேட்டு ஆள் அனுப்பினார், பின்கதவுக்கு. இரண்டு பேரைத் தின்ற வீட்டுக் கை அல்லவா இப்போது! அந்தப் புத்தாண்டுக்குத் தொக்போ வீட்டுக்கு முன்னால் நின்ற கூட்டம் அதற்கு முன் நின்றதில்லை. அவனும் வரைந்தான். வேறு எதற்கும் கை எழவில்லை, அதற்கு மட்டும் எழுந்தது. வால்காக்கையின் அலகை மூடியே வரைந்தான். சேதி சொல்லும் பறவைக்கு வாய் மூடியிருக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் புலியின் கண்ணைத்தான் பார்த்தார்கள். "மாறுகண்தானே? சரியாத்தான் இருக்கு, குடு."

அதற்குப் பிறகு அவன் கதவைச் சாத்துவதில்லை. குளிர் நேராக உள்ளே வரும். பொழுது சாயும் நேரத்தில் காட்டுமான் கத்தினாலும், பனி தாங்காமல் கிளை முறிந்தாலும், காற்று பாறையில் உரசினாலும் முதல் சத்தத்துக்கே எழுந்து வெளியே ஓடுவான்.

"இதோ! வந்துட்டேன்! இதோ வந்துட்டேம்மா!"

கீழே வீடுகளில் அது கேட்கும். தாய்மார்கள் பிள்ளைகளின் காதைப் பொத்துவார்கள். யார் கூப்பிட்டது என்று யாரும் கேட்பதில்லை. எந்நேரமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற ஆளை மலையய்யா கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆகும் என்று முதல் வருஷம் பேசிக்கொண்டார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

பக்கத்துச் சரிவுகளில் மாடு போனது, நாய் போனது, ஒருமுறை ஒரு கரிமூட்டைக்காரன் போனான். தொக்போ வாசலுக்குப் புலி வரவே இல்லை. கதவு திறந்து கிடந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் விடிந்ததும் எழுந்து வாசல் பனியைக் குனிந்து பார்ப்பான். அதில் அவன் ஓடிய தடம் மட்டும் இருக்கும். போனதும், திரும்பி வந்ததும்.